மிதித்த வெளிச்சமும் சேமித்த வெளிச்சமும்

பொழுது சாய்ந்த பிறகு லைட் இல்லாமல் சைக்கிளில் போனால் போலீஸ் பிடிக்கும். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் குரங்குப் பெடல் பழகும் சிறுவனுக்கும் தெரிந்த சட்டம் இது. டபுள்ஸ் போனால் கேஸ், வரி கட்டியதற்கான நகராட்சி வில்லை வண்டியில் இல்லாவிட்டால் கேஸ், இருட்டில் விளக்கு இல்லாவிட்டால் கேஸ். சாயங்காலம் ஆறரை மணிக்கு மேல் முக்கில் ஒரு கான்ஸ்டபிள் நிற்பார். அபராதம் எழுதுவார், இல்லையென்றால் டியூபிலிருந்து காற்றைப் பிடுங்கிவிட்டு உருட்டிக்கொண்டு போகச் சொல்வார். எதிரே வருகிறவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும், “அங்க நிக்கறாங்க, எறங்கித் தள்ளீட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டுத்தான் கடந்து போவார். ஹேண்டில்பாரோடு சேர்த்து டார்ச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டியவர்கள் உண்டு. காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதற்குள் மெழுகுவத்தியை ஏற்றியவர்கள் உண்டு. சின்ன சிம்னி விளக்கைத் தொங்கவிட்டுக்கொண்டு போனவர்களும் உண்டு. வாடகை சைக்கிள்களில் பெரும்பாலும் லைட் இருக்காது. அதனால் இருட்டுவதற்குள் வண்டியைக் கடையில் விட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில் எத்தனையோ பேர் மூச்சிரைக்க மிதித்திருக்கிறார்கள்.

அந்தக் கெடுபிடியில் சிக்கியவர்கள் பெரும்பாலும் கூலிக்காரர்களும் பால்காரர்களும்தான். அவர்கள் பட்ட தொல்லையை நியாயப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தச் சட்டத்துக்குள் ஓர் எண்ணம் இருந்தது. சைக்கிளும் ஒரு வண்டிதான், இருட்டில் அது மற்றவர் கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும் என்ற எண்ணம். இன்று ஐந்நூறு ரூபாய்க்குள் முன் லைட்டும் பின் லைட்டும் கிடைக்கின்றன. அந்தக் காலத்து ஸ்கூட்டர் விளக்குக்குச் சளைக்காத வெளிச்சம் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. அப்படியிருந்தும் இரவில் சாலையில் போகும் சைக்கிள்களைப் பாருங்கள், பெரும்பாலானவற்றில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை. விளக்கு வளர்ந்துவிட்டது, எண்ணம் தேய்ந்துவிட்டது. என் மனசைப் போட்டு அரிக்கிற விஷயம் இதுதான்.

சைக்கிள் விளக்கின் கதை எண்ணெயில் தொடங்குகிறது. பர்மிங்காமில் ஜோசப் லூகாஸ் எண்ணெய் விளக்குகளைச் செய்து விற்றது 1870-களின் கடைசியில். அதற்குப் பின் வந்தது கார்பைட் விளக்கு. மேல் அறையில் தண்ணீர், கீழ் அறையில் கால்சியம் கார்பைட் கல். தண்ணீர் சொட்டுச் சொட்டாகக் கல்லில் விழ, அசிட்டிலீன் வாயு கிளம்பி முனையில் வெள்ளையாக எரியும். நம் ஊரில் மாங்காயைத் தடை மீறிப் பழுக்க வைக்கிறார்களே, அதே கல்தான். அந்தக் காலத்துக்கு அது கண் கூசும் வெளிச்சம். ஆனால் தினமும் சாம்பல் போன்ற கசடைச் சுரண்டி எடுத்து, புதுக் கல் போட்டு, தண்ணீர் நிரப்ப வேண்டும். இருட்டில் சைக்கிள் ஓட்டுகிறவன் கிளம்புவதற்கு முன்பே விளக்கைக் கவனித்தாக வேண்டும் என்பது அன்றைக்கே இருந்த விதி. நடுவில் சில பத்தாண்டுகள் அந்த வேலையிலிருந்து நமக்கு விடுதலை கொடுத்தது டைனமோ.

டைனமோவைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகவே சொல்ல ஆசை. சின்ன பாட்டில் அளவில், நிக்கல் பூச்சு மின்ன, முன் ஃபோர்க்கிலோ பின் சக்கரத்தின் பக்கத்திலோ மாட்டியிருக்கும். தலையில் வரி வரியாகக் கோடு போட்ட ஓர் உருளை. நெம்பைத் தட்டினால் ஸ்பிரிங் விசையில் சாய்ந்து உருளை டயரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். சக்கரம் சுற்ற உருளை சுற்றும், அதோடு உள்ளே இருக்கும் காந்தமும் சுற்றும். 6 வோல்ட், 3 வாட். அதில் 2.4 வாட் முன் பல்புக்கு, 0.6 வாட் பின்னால் இருக்கும் சிவப்பு பல்புக்கு. இதுதான் கணக்கு. பல்புக்கு வயர் ஒன்றுதான் போகும். மின்சாரம் திரும்பி வரும் வழி சைக்கிளின் இரும்புச் சட்டமேதான். அதற்காக டைனமோவின் பட்டையில் கூர்முனை வைத்த திருகு ஒன்று இருக்கும். அதை இறுக்கும்போது பெயின்டைக் கீறிக்கொண்டு போய் இரும்பைத் தொடும். லைட் எரியவில்லை என்று போனால் சைக்கிள் கடைக்காரர் முதலில் தொட்டுப் பார்ப்பது அந்தத் திருகைத்தான். அரை சுற்று முறுக்கி, சக்கரத்தைக் கையால் ஒரு சுற்று சுற்றிவிட்டு, “எரியுதுங்களா பாருங்க” என்பார். எரியும்.

டைனமோ போட்டால் வண்டி கனக்கும். எதிர்காற்றும் சேர்ந்துகொண்டால் தொடையில் தெரியும். டயரின் பக்கவாட்டில் நூல் தெரியும் அளவுக்குத் தேயும். மழையில் உருளை வழுக்கி வெளிச்சம் விட்டு விட்டு வரும். மெல்ல மிதித்தால் மஞ்சள் பொட்டு, வேகம் பிடித்தால் வெள்ளை. இறக்கத்தில் வேகமாக விட்டால் பல்பு ஃபியூஸ் போய்விடும். பின் பல்பு போய்விட்டால் அதற்குரிய மின்சாரமும் முன் பல்பின் தலையில் ஏறி, அதுவும் அடுத்த இறக்கத்தில் போகும். எல்லாவற்றையும் விடப் பெரிய குறை, வண்டி நின்றதும் விளக்கு அணைந்துவிடும். வலது பக்கம் திரும்புவதற்காக நடுரோட்டில் காலூன்றி நிற்கிறோம் பாருங்கள், வெளிச்சம் மிக அவசியமான அந்த நேரத்தில் நாம் இருட்டில் நிற்போம்.

அத்தனை குறைகளுக்கும் ஈடாக ஒரு குணம் அதனிடம் இருந்தது. அதை யாரும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. நேற்று என்ன செய்தோம், வீட்டில் கரண்ட் இருந்ததா, எடுத்து வந்தோமா என்ற கேள்வியே இல்லை. மிதிக்கத் தெம்பு இருக்கும்வரை வெளிச்சம் உண்டு.

கோயம்புத்தூரில் இதன் அருமை தெரிந்தவர்கள் மில் தொழிலாளிகள். 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு இங்கே மில்கள் வரிசையாக எழுந்தன. பீளமேடு, சிங்காநல்லூர் பக்கமெல்லாம் ஊரின் நேரத்தைச் சொன்னது மில் சங்குதான். இரவு ஷிப்டு மாறும்போது ஒரு கூட்டம் வெளியே வரும், ஒரு கூட்டம் உள்ளே போகும், எல்லாமே சைக்கிள். அந்தக் கூட்டத்தில் போனவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். எல்லார் வண்டியிலும் டைனமோ இருந்ததில்லை. இருப்பவர் முன்னால் போவார், இல்லாதவர்கள் அவரை ஒட்டிப் பின்னால் போவார்கள், கிளை ரோடு வந்ததும் ஆளுக்கொரு பக்கம் பிரிவார்கள். அதுவரைக்கும் பேச்சுத் துணையும் அதுதான்.

யாழ்ப்பாணத்தில் டைனமோவுக்கு இன்னும் பெரிய வாழ்வு இருந்தது. போர்க்காலத்தில், 1990-க்குப் பிறகு, குடாநாட்டுக்குள் மின்சாரம் இல்லை. எரிபொருளும் பற்றரியும் வரவிடாமல் தடுக்கப்பட்ட பொருட்களில் சேர்ந்தவை. கார்களும் மோட்டார் சைக்கிள்களும் முடங்க, மொத்தச் சனமும் சைக்கிளில் ஏறியது. இரவில் பிள்ளைகள் ஜாம் போத்தல் விளக்கில் படித்தார்கள். வானொலிச் செய்தி கேட்பதற்குச் சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி ஒருவர் மிதிக்க, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுத்தார்கள். ஒரு வளவின் சனமெல்லாம் சுற்றிவர இருந்து பிபிசி தமிழோசை கேட்டது அப்படித்தான். மிதிக்கிறவர் களைத்தால் குரல் தேயும், இன்னொருவர் ஏறுவார். வழி காட்டச் செய்த கருவி, வெளியுலகத்தைக் காதுக்குள் கொண்டுவந்து சேர்த்தது. மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் வண்டி ஒன்று வீட்டில் இருப்பது எப்படிப்பட்ட பலம் என்று அந்தத் தலைமுறையைக் கேட்டால் சொல்வார்கள்.

பிறகு டைனமோ எப்போது போனது என்று யாராலும் நாள் குறித்துச் சொல்ல முடியாது. 1980-ல் டிவிஎஸ் 50 வந்தது. சைக்கிளில் சுமை ஏற்றியவர்கள் ஒவ்வொருவராக அதற்கு மாறினார்கள். தெருவுக்குத் தெரு சோடியம் விளக்கு வந்தது. சைக்கிள் வேலைக்குப் போகிறவரின் வண்டி என்ற நிலை மாறி, பள்ளிப் பிள்ளையின் வண்டியானது. வில்லையோடு சேர்ந்து போலீஸ் கேஸும் நினைவாக மாறியது. கம்பெனிகள் டைனமோ இல்லாமலே வண்டியை விற்கத் தொடங்கின. தமிழ்நாட்டு அரசு 2000-களின் தொடக்கத்தில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்குச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கி, பின்னர் அரசுப் பள்ளி, உதவி பெறும் பள்ளி பிளஸ் 1 பிள்ளைகள் எல்லோருக்கும் அதை விரிவாக்கியது. எத்தனையோ பெண் பிள்ளைகளின் படிப்பைத் தூக்கி நிறுத்திய திட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நான் பார்த்த அந்த வண்டிகளில் கூடை இருக்கிறது, பெல் இருக்கிறது, விளக்கு இல்லை. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்து கார்த்திகை மாதத்து ஆறரை மணிக்கு அந்தப் பிள்ளை எப்படி ஊருக்குத் திரும்பும்?

டைனமோ இருந்த இடத்தை நிரப்ப இரண்டு கண்டுபிடிப்புகள் சேர வேண்டியிருந்தது. ஒன்று, நீல எல்இடி. ஜப்பானில் அகாசாகி, அமானோ, நகமுரா ஆகியோர் 1990-களின் தொடக்கத்தில் முழுமையாக்கிய அதிலிருந்துதான் வெள்ளை எல்இடி பிறந்தது. 2014-ல் மூவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது. இன்னொன்று லித்தியம் அயான் பேட்டரி. 1991-ல் சோனி சந்தைக்குக் கொண்டுவந்தது, 2019-ல் அதை உருவாக்கியவர்களுக்கு வேதியியல் நோபல். பழைய டைனமோ பல்பு தன் மின்சாரத்தில் பெரும்பகுதியைச் சூடாகத்தான் வெளியே விட்டது, வாட்டுக்குச் சுமார் 10 லூமன் தேறினாலே அதிகம். இன்றைய எல்இடி வாட்டுக்கு நூறைத் தாண்டுகிறது. அதனால்தான் தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய டப்பாவுக்குள் ஒரு சாலைக்கு வேண்டிய வெளிச்சம் அடங்குகிறது. வண்டி நின்றாலும் எரிகிறது. மினுக்கும் சிவப்பு பின் லைட்டை அரை கிலோமீட்டருக்கு அப்பாலிருந்தே லாரி டிரைவர் பார்த்துவிடுகிறார்.

ஆனால் வெளிச்சத்தைக் காலிலிருந்து பிரித்துச் செல்லுக்குள் அடைத்ததும், கார்பைட் காலத்து வேலை திரும்பி வந்துவிட்டது. கிளம்புவதற்கு முன்பே விளக்கைக் கவனிக்க வேண்டும். வேலை முடிந்து நான் வீடு திரும்புவது பெரும்பாலும் இருட்டிய பிறகுதான். சார்ஜ் பற்றி நான் கற்றுக்கொண்டவற்றில் முக்கியமானது, அது மறதி சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை, இடம் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதுதான். சார்ஜர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் பழக்கம் ஒட்டும். திருட்டுக்குப் பயந்து வண்டியை நிறுத்தும்போதெல்லாம் லைட்டைக் கழற்றிக் கையோடு எடுத்துக்கொள்கிறோம். அப்படிக் கழற்றியது நேராக ஒரு வயரில் போய் உட்கார வேண்டும். வாசல் பக்கத்துப் பிளக்கில், சாவி மாட்டும் ஆணிக்குக் கீழே, ஒரு வயர் எப்போதும் தொங்கட்டும். ஆபீஸ் மேசையில் இன்னொன்று. படுக்கையறைப் பிளக் வேண்டாம், அங்கே எப்போதும் போன்தான் ஜெயிக்கும்.

லைட்டின் அட்டையில் போட்டிருக்கும் மணிக் கணக்கையும் புரிந்துகொள்ள வேண்டும். பெரிதாக எழுதியிருக்கும் லூமன் முழு வெளிச்சத்துக்கு, பெரிதாக எழுதியிருக்கும் மணி நேரம் மினுக்கு வெளிச்சத்துக்கு. இரண்டும் ஒருசேரக் கிடைக்காது. முழு வெளிச்சத்தில் ஒன்றரை, இரண்டு மணி நேரத்தில் தீர்ந்துபோகும் விளக்குகளே அதிகம். தெருவிளக்கு உள்ள ரோட்டில் பாதி வெளிச்சமே தாராளம். குளத்தேரி ரோடு, தோட்டத்து வழி, ரயில் பாலத்தடி, இப்படிப்பட்ட இடங்களில் மட்டும் கூட்டிக்கொண்டால் போதும். முன் விளக்கைத் தரையைப் பார்க்கச் சாய்த்து வைப்பதும் முக்கியம். எதிரே வருகிறவர் கண்ணில் அடித்தால் அவர் நம்மையும் பார்க்க மாட்டார், பள்ளத்தையும் பார்க்க மாட்டார். பட்டனில் சிவப்பு வந்துவிட்டால் வீடு போய்ச் சேருவது வரைதான் அதை நம்பலாம். இரண்டு விளக்கில் ஒன்றுதான் மிஞ்சும் என்ற நிலை வந்தால், நான் பின் லைட்டைத்தான் காப்பாற்றுவேன். முன்னால் இருக்கும் பள்ளத்தை மெதுவாகப் போய்ச் சமாளிக்கலாம், பின்னால் வரும் லாரியை நாம் சமாளிக்க வழி கிடையாது.

நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் என்று தனியாகச் சில கவனிப்புகள் உண்டு. லித்தியம் செல்லுக்கு எமன் சூடு. சித்திரை மாதத்தில் வெட்டவெளி ஸ்டாண்டில் வண்டியோடு லைட்டையும் பகல் முழுக்க விட்டால், செல்லின் ஆயுள் சொல்லாமலே குறையும். ரப்பர் பட்டையும் வெடித்துப் போகும். நீண்ட விடுமுறைக்கு எடுத்து வைப்பதானால் முழுசாக ஏற்றியும் வைக்க வேண்டாம், காலியாக்கியும் வைக்க வேண்டாம், பாதி சார்ஜில் நிழலான இடத்தில் வைத்தால் நல்லது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கவனிக்க வேண்டியது சார்ஜ் ஓட்டையை மூடும் சின்ன ரப்பர் மூடி. அது சரியாக உட்காராவிட்டால் உள்ளே ஈரம் இறங்கி முனைகளில் பச்சை பூக்கும். நனைந்து வந்தால் துடைத்துக் காயவிட்டுப் பிறகு வயரைச் செருகுங்கள். இப்போது வரும் விளக்குகள் பெரும்பாலும் டைப்-சி என்பதால், போன் வயரே இதற்கும் ஆகும். ஆளுக்கொரு பின், வண்டிக்கொரு அடாப்டர் என்று அலைந்தவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

சேமித்த வெளிச்சம் கரண்ட் இருக்கும் ஊரில்தான் செல்லும் என்பதையும் நாம் பார்த்துவிட்டோம். 2012-ல் கோயம்புத்தூரில் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மின்சாரம் இருக்காது. வீட்டில் எமர்ஜென்சி லைட், போன், இன்வெர்ட்டர் எல்லாம் கரண்ட் வரும் நேரத்துக்காகக் காத்துக் கிடந்தன. தெருவிளக்கும் இல்லாத அந்த இரவுகளில் பழைய டைனமோவைத் தேடிச் சைக்கிள் கடைக்கு வந்தவர்கள் இருந்தார்கள் என்று ஒரு கடைக்காரர் சொன்னார். “அன்னிக்குத்தானுங்க அதோட மதிப்பு தெரிஞ்சுது” என்றார்.

ஜெர்மனியில் 2013 வரை சாதாரண சைக்கிளுக்கு டைனமோ சட்டப்படி கட்டாயம், பேட்டரி விளக்கை மட்டும் நம்பி ஓட்ட அனுமதி இல்லை. அங்கே டைனமோ அழியாமல் வளர்ந்து, சக்கரத்தின் அச்சுக்குள்ளேயே போய் உட்கார்ந்துவிட்டது. டயரைத் தேய்க்காது, மழையில் வழுக்காது, வண்டி நின்ற பிறகும் சில நிமிடம் எரிய ஒரு சின்ன மின்தேக்கி வேறு. இங்கே அதை வாங்கும் விலைக்கு ஒரு புதுச் சைக்கிளே வாங்கிவிடலாம். சட்டம் ஒரு பொருளைக் கேட்டுக்கொண்டே இருந்தால் தொழிற்சாலை அதைச் செம்மைப்படுத்திக்கொண்டே இருக்கும் என்பதற்கு அது சாட்சி. லூதியானாவிலும் அம்பத்தூரிலும் சைக்கிள் செய்யும் நாட்டில் அப்படி ஒன்று நடக்கவில்லையே என்ற வருத்தம் எனக்கு உண்டு.

இன்றைக்கு நல்ல விளக்கு யாரிடம் இருக்கிறது? விடியற்காலையில் ஹெல்மெட் போட்டு ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வருகிறவர்களிடம் இருக்கிறது. இருக்கட்டும், அவர்களும் அதே லாரிகளுக்கு நடுவில்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் சைக்கிளை நம்பிப் பிழைப்பவர்கள் வேறு. திருப்பூர் பனியன் கம்பெனியில் நைட் முடித்துத் திரும்பும் ஒடிசாக்காரர், பீகார்க்காரர். ஏடிஎம் வாட்ச்மேன். மூன்று மணிக்குப் பூ மார்க்கெட் போகிற அம்மா. பேப்பர் போடும் பையன். தோட்டத்தில் தண்ணி கட்டப் போகிறவர்கள் மட்டும் நெத்தியில் கட்டும் லைட்டோடு சைக்கிளில் வருவதைப் பார்க்கலாம். மற்றவர்கள் கறுப்புச் சட்டையில், கறுப்பு வண்டியில், பைபாஸ் ஓரத்தில் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

“லைட் வாங்கலாமே” என்று ஒரு தொழிலாளியிடம் கேட்டேன். வாங்கியிருக்கிறார், கெட்டுப்போகவும் இல்லை. அறையில் எட்டுப் பேர், பிளக் இரண்டு, ஊருக்குப் பேச எட்டு போன். சைக்கிள் லைட்டின் முறை வருவதற்குள் ஷிப்டுக்கு நேரமாகிவிடும் என்றார். இதில் சோம்பலும் இல்லை, அறியாமையும் இல்லை. விளக்கை அவரிடம் கொடுத்துவிட்டு அதை நிரப்பும் இடத்தை யாரும் கொடுக்கவில்லை.

கம்பெனிகள் நினைத்தால் இந்த மாதமே செய்யலாம். ஒரு நடுத்தர சைக்கிள் லைட்டில் உள்ள செல் 3.7 வோல்ட், 2000 மில்லி ஆம்பியர் மணி என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 7.4 வாட் மணி, சேதாரம் சேர்த்து 10. ஆக, ஒரு யூனிட் மின்சாரத்தில் நூறு விளக்குகள் முழுசாக நிறையும். ஐம்பது பேர் சைக்கிளில் வரும் கம்பெனிக்கு, ஐம்பதுக்கும் தினமும் சார்ஜ் போட்டாலும் இரண்டு நாளைக்கு ஒரு யூனிட்தான். சைக்கிள் ஸ்டாண்டில் மழை படாத ஒரு சுவர், அதில் பூட்டு வைத்த ஒரு மரப்பெட்டி, உள்ளே பல வயர் செருகும் யூஎஸ்பி பலகை, சாவி செக்யூரிட்டியிடம். வரும்போது விளக்கைக் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும், போகும்போது டோக்கனைக் கொடுத்து நிறைந்த விளக்கை வாங்க வேண்டும். ஸ்கூட்டருக்கு சார்ஜிங் பாயின்ட் போடும் வளாகங்களில் இதற்கு ஒரு முழம் சுவர் கிடைக்காமலா போகும்? பள்ளிக்கூடங்களிலும் இதைச் செய்யலாம், அடுத்த முறை பிளஸ் 1 பிள்ளைகளுக்குச் சைக்கிள் வாங்க டெண்டர் விடும்போது, பெல்லுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கையும் பின்னால் ஒரு சிவப்பு லைட்டையும் சேர்த்து எழுதிவிட்டால்.